இன்னொரு டோனி



டோனி என்றதும் ஹெலிகாப்டர் ஷாட்தானே ஞாபகம் வருகிறது? அவர் இல்லை. இவர் நியூசிலாந்து டோனி. முழுப்பெயர் அந்தோணி வைல்டிங். ஆடியது டென்னிஸ். காமராஜர், பாரதியார், கலாம் ஐயா என்று என் முறை வருவதற்குள் எல்லாரையும் எழுதி முடித்துவிட்டீர்கள். அதனால் நம்ம போர்டில் இதுவரை யாரும் எழுதாத ஒருவரைத் தேடிப் பிடித்தேன்.

1883 அக்டோபர் 31 அன்று கிறைஸ்ட்சர்ச் நகரில் பிறந்தார். வசதியான குடும்பம். அப்பா வக்கீல், கிரிக்கெட்டும் டென்னிஸும் நன்றாக ஆடுவார். அம்மா பியானோ வாசிப்பார். வீட்டுத் தோட்டத்திலேயே டென்னிஸ் ஆட இடம் இருந்தது! நாம் வாலிபால் நெட்டை வேப்பமரத்தில் கட்டி ஆடுகிறோம். பொறாமையில் சொல்லவில்லை, சும்மா சொல்கிறேன்.

முதலில் கிரிக்கெட்டிலும் அவர் கெட்டிக்காரர்தான். கான்டர்பரி மாகாண அணிக்கு ஆடியிருக்கிறார். 1902-ல் சட்டம் படிக்க இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் போனார். அங்கேதான் டென்னிஸ் அவரை முழுசாகப் பிடித்துக்கொண்டது. வக்கீல் தேர்வும் பாஸ் பண்ணினார். ஆனால் கோர்ட் என்றால் அவருக்கு டென்னிஸ் கோர்ட்தான்.

சிகரெட் கிடையாது, குடி கிடையாது. உடம்பை அவ்வளவு கறாராக வைத்திருந்தார். ஒரே ஒரு பைத்தியம் மட்டும் இருந்தது. மோட்டார் சைக்கிள்! ஐரோப்பாவில் எந்த ஊரில் போட்டி நடந்தாலும் வண்டியிலேயே கிளம்பிவிடுவாராம். அந்தக் காலத்து ரோட்டையும் வண்டியையும் நினைத்துப் பாருங்கள்.

1906-ல் தன் சொந்த ஊரில் நடந்த ஆஸ்திரலேசியப் போட்டியில் ஜெயித்தார். இன்றைய ஆஸ்திரேலிய ஓபன் போட்டியின் பழைய பெயர் அது. அப்போது ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் டென்னிஸில் ஒரே அணி. அடுத்த வருஷம் அவரும் நார்மன் புரூக்ஸ் என்ற ஆஸ்திரேலியரும் சேர்ந்து இங்கிலாந்துக்கே போய் டேவிஸ் கோப்பையைத் தூக்கி வந்தார்கள். 1908, 1909 இரண்டு வருஷமும் கோப்பையை விடவில்லை. 1910-ல் தொடங்கி 1913 வரை விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் தொடர்ந்து நாலு முறை! ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்போது பழைய சாம்பியன் முதல் சுற்றிலிருந்து ஆட வேண்டாம். மற்றவர்கள் எல்லாம் அடித்துப் பிடித்து மேலே வருவார்கள். கடைசியாக நிற்பவரோடு சாம்பியன் ஒரே ஒரு ஆட்டம் ஆடினால் போதும். 1922-ல்தான் அந்த முறையை எடுத்தார்கள். அதற்காக அவர் பெருமை குறைந்துவிடுமா என்ன? 1913-ல் எதிரே வந்தவர் அமெரிக்காவின் மெக்லோக்ளின். சர்வீஸ் போட்டால் இடி மாதிரி விழும் என்று பேர் வாங்கியவர். டோனி அவரை 8-6, 6-3, 10-8 என்று நேர் செட்டில் முடித்தார்.

இப்போதுதான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 1913 மார்ச்சில் பாரிஸில் பல நாட்டு டென்னிஸ் சங்கங்கள் கூடி ஒரு சர்வதேச சம்மேளனம் ஆரம்பித்தன. உலகச் சாம்பியன் பட்டம் மூன்று என்று முடிவானது. ஒன்று புல்தரைக்கு. இன்னொன்று ஹார்டு கோர்ட்டுக்கு. ஹார்டு கோர்ட் என்றால் இப்போது நாம் டி.வி.யில் பார்க்கும் நீலத் தரை இல்லை, செம்மண் மாதிரியான களிமண் தரை. மூன்றாவது, கூரை போட்ட உள்ளரங்குக்கு. தரை மாறினால் ஆட்டமே மாறிவிடும். புல்லில் பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு வரும், குனிந்தே அடிக்க வேண்டும். களிமண்ணில் பந்து மெதுவாக, உயரமாக வரும், மூச்சு இருக்கிறவன்தான் ஜெயிப்பான். உள்ளரங்கில் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை, பந்து சும்மா பறக்கும். ஒன்றில் கில்லாடியாக இருப்பவர் இன்னொன்றில் திணறுவார்.

டோனி அந்த ஒரே வருஷத்தில் மூன்றையும் ஜெயித்தார்! பாரிஸில் களிமண், விம்பிள்டனில் புல்தரை, சுவீடனின் ஸ்டாக்ஹோமில் உள்ளரங்கு. ஆண்களில் வேறு யாரும் அதைச் செய்ததில்லை. அப்போது அவருக்கு வயது 29.

1914-ல் விம்பிள்டன் பட்டம் கைவிட்டுப் போனது. ஜெயித்தது யார் தெரியுமா? கூட்டாளி புரூக்ஸ்தான்! ஆனாலும் அதே போட்டியில் இரண்டு பேரும் சேர்ந்து இரட்டையர் பட்டம் வாங்கினார்கள். பிறகு டேவிஸ் கோப்பைக்காகச் சேர்ந்தே கப்பல் ஏறி அமெரிக்கா போனார்கள். பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஜெர்மனியோடு ஆட்டம். அது முடிந்த நாள் ஆகஸ்ட் 1. அன்றுதான் ஜெர்மனி ரஷ்யா மீது போர் அறிவித்தது. ஆகஸ்ட் 4-ல் பிரிட்டனும் போரில் இறங்கிவிட்டது. ஊருக்குக் கிளம்பிய ஜெர்மன் வீரர்கள் இரண்டு பேரையும் ஜிப்ரால்டரில் பிரிட்டிஷார் கப்பலிலிருந்து இறக்கிக் கைதியாக்கினார்கள். நெட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கை குலுக்கியவர்கள் ஒரே மாதத்தில் எதிரி நாட்டுக் கைதிகள்! இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இறுதி ஆட்டம் நியூயார்க்கில், ஃபாரஸ்ட் ஹில்ஸ் புல்தரையில். டோனிக்கு எதிரே முதல் நாள் நின்றவர் நாரிஸ் வில்லியம்ஸ். டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது பனித்தண்ணீரில் கிடந்து பிழைத்தவர் அவர். காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதற்கு மறுத்து, நடந்து நடந்தே கால்களைச் சரிப்படுத்தியவர். (அவரைப் பற்றி அடுத்த முறை எழுதுகிறேன், வேறு யாரும் எடுத்துவிடாதீர்கள்!) டோனி அவரை ஜெயித்தார், மெக்லோக்ளினிடம் தோற்றார். கோப்பை 3-2 என்று ஆஸ்திரலேசியாவுக்கு.

கோப்பையோடு அவர் ஊருக்குப் போயிருக்கலாம். போகவில்லை. நேராக இங்கிலாந்து போய்ப் படையில் சேர்ந்தார். மோட்டார் தெரிந்தவர் என்பதால் கவச வண்டிப் பிரிவில் போட்டார்கள். கேப்டனாக உயர்ந்தார். 1915 மே 9, மாலை. பிரான்ஸில் நியூவ் ஷாப்பல் என்ற ஊர்ப் பக்கம் அவர் இருந்த பதுங்குகுழி மீது ஒரு குண்டு விழுந்தது. வயது 31.

சேராமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை பட்டம் வாங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. இதை வீட்டில் சொன்னேன். எங்க அண்ணன் போன வருஷம்தான் ராணுவத்தில் சேர்ந்தான். கபடியில் மாவட்ட அளவில் ஆடியவன். அம்மா ஒன்றும் சொல்லாமல் கேட்டுவிட்டு, அந்தப் பையனோட அம்மா அப்போ இருந்தாங்களா என்று மட்டும் கேட்டார். இருந்தாங்க என்று சொன்னேன்.

அதே நியூவ் ஷாப்பலில் நம் நாட்டு வீரர்களுக்கும் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. மேற்குப் போர்முனையில் மடிந்து, கல்லறைகூட இல்லாத 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்களை 1927-ல் அங்கே பொறித்து வைத்தார்கள். டோனிக்காவது பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல் இருக்கிறது.

அவர் வாங்கிய மூன்று பட்டங்களும் என்ன ஆயின? உலகப் புல்தரைப் பட்டம் எப்போதும் பிரிட்டனுக்கே என்று எழுதிக் கொடுத்ததால் அமெரிக்கா சம்மேளனத்தில் சேராமல் முரண்டு பிடித்தது. கடைசியில் அமெரிக்கா சேர வேண்டும் என்பதற்காக உலகப் பட்டம் என்ற பெயரையே 1923-ஓடு ஒழித்துவிட்டார்கள். பத்து வருஷம்தான் இருந்தது. விம்பிள்டன் மட்டும் அதே பெயரில் நடக்கிறது. நியூசிலாந்திலிருந்து வேறு எந்த ஆணும் அங்கே ஒற்றையர் பட்டம் வாங்கவில்லை.

அவர் நாலு முறை ஜெயித்த மைதானம் இப்போதைய விம்பிள்டன் இல்லை. வோர்ப்பிள் ரோடு என்ற தெருவில், ரயில் பாதை ஓரம் இருந்த பழைய மைதானம். 1922-ல் போட்டி புது இடத்துக்குப் போய்விட்டது. அந்தப் பழைய புல்தரை ஒரு பெண்கள் பள்ளியின் விளையாட்டு மைதானமாகிவிட்டது. நம்மை மாதிரிப் பிள்ளைகள் அங்கே பி.டி. பீரியடில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

— பதினோராம் வகுப்பு, ஆ பிரிவு