அந்நியத் தோலும் ஒரு விலங்கியலாளரும்: பீற்றர் மெடவார்

1940ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். இங்கிலாந்தின் ஒக்ஸ்போட் நகரில் இளம் விலங்கியலாளர் ஒருவர் தமது வீட்டுத் தோட்டத்தில் மனைவியுடனும் குழந்தையுடனும் இருந்தார். அப்போது குண்டுவீச்சு விமானம் ஒன்று மிகத் தாழ்வாகப் பறந்து வந்து, அயலிலிருந்த வீடொன்றின் தோட்டத்தில் விழுந்து தீப்பற்றியது. அதிலிருந்த விமானப்படை வீரர் உயிருடன் மீட்கப்பட்டார். ஆனால் அவரது உடலின் பெரும்பகுதி எரிந்துபோயிருந்தது. இவருக்கு எங்கிருந்து தோல் எடுப்பது என்று வைத்தியர்கள் திகைத்தார்கள். நோயாளியின் சொந்தத் தோல் போதாது; பிறருடைய தோலோ சில நாட்களில் கருகி விழுந்துவிடும். விலங்கியலாளரான நீங்களாவது இதற்கு ஒரு வழி சொல்லமாட்டீர்களா என்று அவரிடம் கேட்டார்கள். அந்தக் கேள்வியை அவர் பிறகு விட்டதேயில்லை.

அவர்தான் பீற்றர் மெடவார். 1915 பெப்ரவரி 28ஆம் திகதி பிரேசிலில் பிறந்தவர். தந்தை லெபனானைச் சேர்ந்தவர், பல் வைத்தியத்துக்கான பொருட்களை விற்பவர். தாய் ஆங்கிலேயப் பெண். சிறு வயதிலேயே படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட மெடவார், விடுதிப் பாடசாலையில் தமது அரபு வழித்தோற்றத்துக்காகக் கேலிக்குள்ளானார். பிற்காலத்தில் இராணுவ சேவைக்குச் செல்லாததால் பிரேசில் குடியுரிமையையும் இழந்தார். எது தன்னுடையது, எது அந்நியமானது என்பதை உடல் எப்படிப் பிரித்தறிகிறது என்று வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர் இப்படிப்பட்ட ஒருவர் என்பது எனக்கு வேடிக்கையாகவும், கொஞ்சம் வேதனையாகவும் இருக்கிறது.

ஒக்ஸ்போடில் விலங்கியல் கற்ற அவர், பென்சிலினை மருந்தாக்கிய ஹோவாட் புளோறியின் ஆய்வுகூடத்தில் பணியாற்றினார். 1937இல் உடன் கற்ற ஜீனை மணந்தார்.

தீக்காயங்களை நேரில் பார்ப்பதற்காக அவர் கிளாஸ்கோ வைத்தியசாலைக்குச் சென்றார். அங்கு தோமஸ் கிப்சன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியருடன் ஓர் இளம்பெண்ணைக் கவனித்தார். வாயு அடுப்பின் மேல் விழுந்து கடுமையாக எரிந்துபோன பெண் அவர். அவரது காயத்தில் அவருடைய சொந்தத் தோலின் சிறு துண்டுகளையும், அவரது சகோதரரின் தோல் துண்டுகளையும் வைத்தார்கள். சொந்தத் தோல் ஒட்டிக்கொண்டது. சகோதரரின் தோல் முதலில் ஒட்டியதுபோல் தோன்றி, பிறகு அழிந்தது. அதே சகோதரரின் தோலை மறுபடியும் வைத்தபோது அது முன்னையதைவிட விரைவாக அழிந்தது.

இந்த விரைவில்தான் மெடவார் விடையைக் கண்டார். தோல் தரம் குறைந்ததாலோ சத்திரசிகிச்சையில் தவறு நேர்ந்ததாலோ ஒட்டு அழிந்திருந்தால், இரண்டாம் முறையும் அதே காலம் எடுத்திருக்க வேண்டும். விரைவாக அழிந்தது என்றால் உடல் அதனை நினைவில் வைத்திருந்தது என்றுதானே பொருள்? நினைவு வைத்திருப்பது நிர்ப்பீடனத் தொகுதியின் இயல்பு. ஒருமுறை அம்மை வந்தவரை அதே அம்மை மீண்டும் தாக்காமல் காக்கும் தொகுதிதான், சகோதரர் அன்போடு கொடுத்த தோலையும் எதிரியாக எண்ணி அழித்திருக்கிறது! 1943இல் இருவரும் இதனை வெளியிட்டார்கள். ஒக்ஸ்போட் திரும்பிய மெடவார் முயல்களில் பல ஒட்டுகளைச் செய்து, ஐயத்துக்கு இடமின்றி நிறுவினார். அந்தப் பெண்ணின் பெயர் ஆய்வுக் கட்டுரைகளில் முழுமையாக இல்லை. உறுப்பு மாற்று விஞ்ஞானம் அவரது காயத்திலிருந்தே தொடங்கியது என்று சொல்வேன்.

1947இல் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு ஸ்டொக்ஹோமில் நடந்த ஒரு மாநாட்டில், இரட்டைக் கன்றுகள் ஒரே கருவிலிருந்து வந்தவையா, இரு கருக்களிலிருந்து வந்தவையா என்று எப்படி அறிவது என ஒரு விஞ்ஞானி கேட்டார். மிகச் சுலபம், ஒன்றின் தோலை மற்றொன்றில் ஒட்டிப் பாருங்கள் என்பது மெடவாரின் பதில். தாமும் றூபேட் பில்லிங்ஹாமும் பண்ணைக்குச் சென்று செய்து பார்த்தார்கள். இரு கருக் கன்றுகளும், ஆணும் பெண்ணுமான இரட்டையர்களும்கூட, ஒன்றின் தோலை மற்றொன்று ஏற்றுக்கொண்டன! மெடவாரின் கணக்குப் பிழைத்துவிட்டது. ஆனால் அந்தப் பிழை விலைமதிப்பற்றது. கன்றுகள் தாயின் வயிற்றிலிருக்கும்போதே அவற்றின் சூல்வித்தகங்கள் இணைந்து குருதி கலந்துவிடுகிறது என்பதை அமெரிக்கரான றே ஓவன் 1945இலேயே காட்டியிருந்தார். பிறப்பதற்கு முன் அறிமுகமான அந்நியக் கலங்களை உடல் பிறகு தன்னுடையவையாகவே ஏற்கிறது.

மனிதன் இதனைச் செயற்கையாகச் செய்ய முடியுமா? 1951இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு மாறிய மெடவார், பில்லிங்ஹாமுடனும் லெஸ்லி பிறென்ற்றுடனும் இதில் இறங்கினார். பிறென்ற், நாசி ஜேர்மனியிலிருந்து சிறுவனாகத் தப்பி வந்த யூத அகதி. அவர்கள் கபில நிறச் சுண்டெலியின் வயிற்றிலிருந்த குட்டிகளுக்கு வெள்ளைச் சுண்டெலியின் கலங்களை ஊசியால் செலுத்தினார்கள். குட்டிகள் பிறந்து வளர்ந்தபின் வெள்ளைச் சுண்டெலியின் தோலை ஒட்டினார்கள். வழமையாகப் பத்துப் பன்னிரண்டு நாட்களில் அழியவேண்டிய தோல் சில குட்டிகளில் அழியவில்லை. கபில நிற முதுகில் வெள்ளை உரோமம் செழித்து வளர்ந்தது. 1953 ஒக்டோபரில் இது வெளியானது. 1960இல் அவுஸ்திரேலியரான மக்பாலன் பேர்னற்றுடன் நோபல் பரிசு கிடைத்தபோது, மெடவார் தமது பங்குப் பணத்தை பில்லிங்ஹாமுக்கும் பிறென்ற்றுக்கும் பகிர்ந்து கொடுத்தார். அந்த எலியை விட இந்தச் செயல்தான் எனக்கு அவரை நெருக்கமாக்கியது.

எனினும் ஒரு பெரிய குறை இருந்தது. சிறுநீரகம் கேட்டு வரும் நோயாளி ஏற்கனவே பிறந்துவிட்டவர்; அவரைத் தாயின் வயிற்றுக்குத் திருப்பி அனுப்ப முடியாது. 1954இல் பொஸ்டனில் வெற்றி பெற்ற சிறுநீரக மாற்றுகூட ஒரே கருவில் பிறந்த இரட்டையரிடையே நடந்ததுதான். மற்றவர்களுக்கு வேறு வழி தேவைப்பட்டது.

நிர்ப்பீடனம் பற்றிப் படிக்கையில் பிறபொருளெதிரி என்றதும் கிருமியைப் பிடிக்கும் காவலன் என்றே நாம் நினைக்கிறோம். ஒட்டை அழிப்பதும் அதுவே என்று தொடக்கத்தில் பலர் எண்ணினார்கள். உண்மையில் முதன்மையாக அழிப்பவை நிணநீர்க்குழியங்கள் எனும் கலங்கள். மெடவாரின் மாணவரான மிச்சிசன் இதனை வெளிப்படுத்தினார். அப்படியானால் அந்தக் கலங்களுக்கு எதிராகவே ஒரு பிறபொருளெதிரியை உண்டாக்கினால் என்ன? திருடனைப் பிடிக்கத் திருடனையே அனுப்புவது போன்ற யோசனை. 1960களில் பலர் இதில் ஈடுபட்டார்கள். 1962இல் மில் ஹில் மருத்துவ ஆய்வு நிலையத்தின் பணிப்பாளரான மெடவார், நிர்வாக வேலைகளுக்கிடையே றிச்சட் லீவியுடன் இதனை ஆராய்ந்தார். சுண்டெலியின் நிணநீர்க்குழியங்களை முயலுக்குச் செலுத்தினால், முயல் அவற்றுக்கு எதிரான பிறபொருளெதிரிகளை ஆக்கும். அந்த முயலின் குருதிப் பாயத்தைச் சுண்டெலிக்குக் கொடுத்தால், அந்நியத் தோல் பல வாரங்கள் நிலைத்தது. இரண்டாம் ஒட்டை விரைவாக அழிக்கும் அந்தப் பழைய நினைவும் மங்கியது.

இது எவ்வாறு நடக்கிறது? பிறபொருளெதிரி கலத்தின் மேற்பரப்பை மூடி அதன் கண்களைக் கட்டிவிடுகிறது என்பது அன்று பேசப்பட்ட ஒரு கருத்து. வீணான தூண்டலைக் கொடுத்துக் கலத்தைத் திசைதிருப்புகிறது என்பது இன்னொன்று. கலம் அந்நியத்தை உணரும் வாங்கி எது என்பதே அப்போது தெரியாது. இதற்கிடையில் அமெரிக்காவில் தோமஸ் ஸ்ரார்ஸ்ல், குதிரைகளிலிருந்து பெற்ற இத்தகைய பிறபொருளெதிரியை 1966 முதல் சிறுநீரக நோயாளிகளுக்குக் கொடுத்தார்.

1969 செப்டெம்பரில், 54 வயதில், எக்செற்றர் தேவாலயத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது மெடவார் பக்கவாதத்தால் சரிந்தார். இடப்பக்கம் செயலிழந்தது, பார்வையும் பாதிக்கப்பட்டது. பணிப்பாளர் பதவியை விட்டார், ஆய்வை விடவில்லை. ஜீன் உடனிருந்து தாங்கினார். மேலும் பக்கவாதங்கள் வந்தன. அவற்றுக்கிடையே இளம் விஞ்ஞானிகளுக்கு அறிவுரை கூறும் நூலையும், 1986இல் தன்வரலாற்றையும் எழுதினார்.

அதே 1986இல் ஓகேரீ3 என்ற பிறபொருளெதிரி, சிறுநீரக நிராகரிப்புக்குச் சிகிச்சையளிக்க அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முயலும் குதிரையும் தந்தது பலவகைப் பிறபொருளெதிரிகளின் கலவை. இதுவோ ரீ கலத்தின் வாங்கியோடு இணைந்திருக்கும் சீடீ3 எனும் ஒரே மூலக்கூறைப் பற்றுவது. பற்றியவுடன் அது முதலில் கலத்தை உசுப்பிவிடும். நோயாளிக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வரும். பிறகே வாங்கிகள் மறைந்து கலம் குருடாகும். கண்கட்டல், வீண் தூண்டல் என்ற பழைய கருத்துகள் இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

1987 ஒக்டோபர் 2ஆம் திகதி மெடவார் லண்டனில் காலமானார். இன்றும் பிறரது சிறுநீரகத்தைப் பெற்றவர்களில் பெரும்பாலானோர் அதனைக் காப்பாற்ற நாள்தோறும் மாத்திரை எடுக்கிறார்கள். வெள்ளை உரோமம் வளர்ந்த அந்தக் கபிலச் சுண்டெலிகளுக்கு மாத்திரை எதுவும் தேவைப்படவில்லை.