அர்ச். தெ லசால் அடிகளார்

குலத்தாற் பெருமை எய்தினாரும் உளர். குணத்தாற் பெருமை எய்தினாரும் உளர். முன்னது முன்னோர் வைத்துப் போன பொருள். பின்னது தாமே ஈட்டிய பொருள். குலப்பெருமை குறைவற வாய்க்கப்பெற்ற ஒருவர், அதனைத் தம் கையாலேயே கழற்றி வைத்துவிட்டு, ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் தொண்டினை மேற்கொண்ட வரலாறு ஒன்றுண்டு. அதனை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும் அறிந்திருத்தல் நலமெனக் கருதி, ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம். அவர் பிராஞ்சு தேசத்து அர்ச்சியசிஷ்ட ஜான் பாப்டிஸ்ட் தெ லசால் என்பவர்.

பிராஞ்சு தேசத்தின் வடகிழக்கே ரீம்ஸ் என்னும் பழம்பதி உளது. அந்நாட்டு மன்னர்கள் முடிசூடிய பேராலயம் அமைந்த நகரம் அதுவே. அந்நகரில் 1651-ம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 30-ம் நாள் அடிகளார் பிறந்தார். தந்தையார் நீதிமன்றத்திற் பெரும்பதவி வகித்தவர். தாயாரும் செல்வக்குடியிற் பிறந்தவர். பெற்றோர்க்குப் பிறந்த மக்கள் பதினொருவருள் இவரே மூத்தவர். அப்பதினொருவருட் பிழைத்து வளர்ந்தோர் எழுவரே.

பதினாறு வயது நிரம்புமுன்னரே, 1667-ம் ஆண்டில், ரீம்ஸ் பேராலயத்துக் கானன் என்னும் பதவி அவர்க்குக் கிடைத்தது. பேராலயத்திலே தனி இருக்கையும், ஊராரிடத்தே தனி மதிப்பும், ஆண்டுதோறும் தவறாத வருவாயும் உடையது அப்பதவி. பின்னர் வேதசாஸ்திரம் பயிலும்பொருட்டு 1670-ல் பாரிஸ் மாநகரத்துச் சேன் சுல்பீஸ் குருமடத்திற் சேர்ந்தார். ஆண்டு ஒன்று கழியுமுன் தாயார் இறந்தார். அடுத்த ஆண்டு, 1672-ல், தந்தையாரும் இறந்தார். இருபத்தோராவது வயதில் ஊர் திரும்பிய அவர், தம்பியர்க்கும் தங்கையர்க்கும் தாமே தந்தையாக நின்று குடும்பத்தைக் காக்க வேண்டியவரானார். அச்சுமைக்கு நடுவேயும் படிப்பை விடாது முடித்து, 1678-ல் குருப்பட்டம் பெற்றார்.

இதுகாறும் அவர் வாழ்க்கையிற் புதுமை யாதும் இல்லை. நற்குடிப் பிறந்த ஒரு நல்ல குருவானவர் என்ற அளவிலே அவர் நின்றிருந்தால் இன்று அவர் பெயரை அறிவார் யார்? 1679-ம் ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒரு சந்திப்பே யாவற்றையும் மாற்றியது. ரூவான் நகரினின்றும் அதிரியான் நியேல் என்னும் முதியவர் ஒருவர், ஏழைச் சிறுவர்க்கு இலவசப் பள்ளி தொடங்கும் நோக்கத்தோடு ரீம்ஸுக்கு வந்தார். கன்னியர் மடமொன்றின் வாயிலில் அடிகளார் அவரைக் கண்டார். வந்தவர்க்கு வழி சொல்லி உதவுதல் கடமையெனக் கொண்டு, தங்க இடமும், பள்ளி நடத்தத் தக்க விசாரணைக் குருவின் ஆதரவும் தேடிக் கொடுத்தார். அவ்வளவோடு தம் பங்கு முடிந்ததென்றே அவர் எண்ணினார்.

ஆயினும் பள்ளிகள் இரண்டாயின, மூன்றாயின. நியேல் ஊக்கம் மிக்கவர்; ஆனால் ஓரிடத்தில் நிலையாக இருந்து மேற்பார்ப்பவர் அல்லர். அவர் சேர்த்த ஆசிரியர்களோ போதிய கல்வியும் ஒழுங்கும் இல்லாதவர். வறுமையால் வேறு வேலை கிட்டாது இத்தொழிலுக்கு வந்தவர். அந்நாளிலே சிறுபள்ளி ஆசிரியர்க்கு ஊரில் யாதொரு மதிப்பும் கிடையாது. அடிகளாருங்கூட அவ்வாசிரியர்களைத் தம் வேலையாளினும் தாழ்ந்தவராகவே முதலிற் கருதினார் என்பதையும், அவர்களோடு கூடி வாழ நேருமென்று முன்னறிந்திருந்தால் இப்பணியிற் கைவைத்தே இருக்கமாட்டார் என்பதையும் அவரே பிற்காலத்தில் ஒளியாது எழுதிவைத்தார். இவ்வாய்மையை நாம் பெரிதும் போற்றுகின்றோம். தம் உள்ளத்திருந்த குலச்செருக்கினைத் தாமே கண்டு சொல்லுதல் எளிதன்று.

ஆசிரியர் திருந்தினாலன்றிப் பள்ளி திருந்தாது என்று கண்ட அவர், அவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்து உடன் உண்ணச் செய்தார். உறவினர் முகம் சுளித்தனர். நீதிபதியின் மைந்தரும் பேராலயத்துக் கானனுமாகிய ஒருவர், எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் ஏழைகளோடு ஒரே பந்தியில் அமர்வதா என்பதே அவர்கள் கேள்வி. 1681-ம் ஆண்டு ஜூன் 24-ம் நாள் அவ்வாசிரியர்களைத் தம் இல்லத்திலேயே குடியேற்றினார். அப்பொழுது பெருஞ்சினங்கொண்ட உறவினர், அவர் காவலிலிருந்த தம்பியரைப் பிரித்து வேறிடங்கொண்டு சென்றனர். தாய்தந்தையர்க்குப்பின் தாமே வளர்த்த பிள்ளைகளைப் பிரிவது அவர்க்கு எத்துணைத் துயர் விளைத்திருக்கும்! எனினும் அவர் பின்வாங்கவில்லை. அடுத்த ஆண்டு அதே நாளில், தந்தையாரின் மாளிகையை விட்டு நீங்கி, வேறொரு வீட்டில் ஆசிரியர்களோடு வாழத் தொடங்கினார்.

இதன்பின் வந்த சோதனை முன்னதினும் கடியது. நாளைக்கு உணவுக்கு வழி என்ன, முதுமையில் நம்மைக் காப்பவர் யார் என்று ஆசிரியர்கள் கலங்கினர். சர்வேசுரனுடைய பராமரிப்பை நம்பியிருக்குமாறு அடிகளார் அவர்களைத் தேற்றினார். அதற்கு அவர்கள் கூறிய மறுமொழி அவர் நெஞ்சைத் தைத்தது. அடிகளார்க்குப் பதவி வருவாயும் முன்னோர் சொத்தும் உண்டு. பள்ளி அழிந்தாலும் அவர் அழியார். தாங்களோ தெருவில் நிற்க வேண்டியதுதான் என்று அவர்கள் சொன்னார்கள். அச்சொல் உண்மையே என்று அவர் உணர்ந்தார். தாம் வயிறு நிறைந்திருந்து பசித்தவனுக்குப் பொறுமை போதிப்பது போதனை ஆகாதன்றோ?

ஆகவே 1683-ம் ஆண்டிற் கானன் பதவியைத் துறந்தார். அதைத் தம் உடன்பிறந்தார்க்காவது கொடுக்கலாகாதா என்று உறவினர் வேண்டினர். அவரோ அதனை ஏழைக்குரு ஒருவர்க்கு அளித்தார். அதன்பின் சொத்தை என் செய்வது என்னும் வினா எழுந்தது. பள்ளிகளுக்கே மூலதனமாக வைத்துவிடலாம் என்பது பலர் கருத்து. அந்நேரத்திற் கொடிய பஞ்சம் ரீம்ஸ் நகரை வாட்டியது. அடிகளார் தம் செல்வத்தை அப்பமாக்கி நாள்தோறும் பசித்தோர்க்கு வழங்கினார். கைப்பொருள் முற்றும் தீர்ந்தது. இனி ஆசிரியர்க்கும் அவர்க்கும் வேற்றுமை யாதும் இல்லை. அன்றே அவர் சொல்லுக்கு வலிமை பிறந்தது என்க.

அவ்வாசிரியர் குழாம் கிறிஸ்தவப் பள்ளிகளின் சகோதரர் என்னும் பெயர் பூண்டது. கரிய நீண்ட அங்கியும் கழுத்தில் வெண்பட்டியும் அவர்க்கு உடையாயின. அவர்கள் குருக்கள் ஆவதில்லை என்பதும் விதியாயிற்று. கற்பித்தலே ஒரு முழுமையான தவம். அதனை வேறொரு பதவிக்குப் படியாகக் கொள்ளலாகாது என்பதே இவ்விதியின் உட்பொருளாக நாம் கொள்கின்றோம். கூலிக்கு வந்த தொழிலாளர், ஒருவர்க்கொருவர் உடன்பிறந்தாராக, ஒரே உலையில் உண்டு, ஒரே நேரத்தில் செபித்து, ஒருங்கே உழைக்கும் குடும்பமாயினர்.

அவர்தம் பள்ளிமுறையைச் சிறிது கூறுவோம். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளிற் போலவே அந்நாட்டிலும் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே அழைத்துப் பாடங் கேட்பது வழக்கம். மற்றவர் வாளா இருப்பர், அல்லது கூச்சலிடுவர். அடிகளார் பிள்ளைகளை அறிவின் நிலைக்கேற்ப வகுப்பாகப் பிரித்து, ஒரே பாடத்தை யாவரும் ஒருங்கே பின்பற்றச் செய்தார். இம்முறையை முதன்முதற் கண்டவர் அவர் அல்லரெனினும், அதனைப் பல ஊர்ப் பள்ளிகளில் நிலைநாட்டிக் காட்டியவர் அவரே.

தமிழ் கற்பிக்கும் நம்மனோர்க்குச் சிறப்பாக உவகை தருவது இன்னொன்று. அக்காலத்திற் பிள்ளைகள் இலத்தீன் நூலைக்கொண்டே வாசிக்கப் பழகினர். அடிகளார் தாய்மொழியாகிய பிரெஞ்சிலேயே முதல் வாசிப்பைத் தொடங்கினார். சார்த்திர் நகரத்து மேற்றிராணியார் இதனை ஐயுற்றபோது, காரணங்களை நிரல்பட எழுதி விடையிறுத்தார். ஏழைப் பிள்ளைகள் சில ஆண்டுகளே பள்ளியில் இருப்பர். பொருள் விளங்காத மொழியை எழுத்துக்கூட்டி முடிக்குமுன்னர்த் தொழிலுக்குப் போய்விடுவர். தாய்மொழியில் வாசிக்க வல்லாரோ வாழ்நாளெல்லாம் தாமே கற்பர் என்பது அவர் கருத்தின் சாரம்.

பள்ளியிற் கட்டணம் இல்லை. பிள்ளைகளிடத்தும் பெற்றோரிடத்தும் ஆசிரியர் கைக்கூலியாகவோ பரிசாகவோ ஒன்றும் பெறலாகாது. நாள்தோறும் ஞானோபதேசம் உண்டு. பிள்ளைகள் பூசை காண அழைத்துச் செல்லப்படுவர். குறித்த வேளைகளில் மணி ஒலித்தவுடன் எல்லாரும் பாடத்தை நிறுத்திச் சர்வேசுரன் சந்நிதியைச் சிறிது நினைப்பர். காலையுணவைப் பள்ளியிலேயே உண்பர். அப்பொழுது ஒரு கூடை வரிசையாகச் செல்லும். மிகுதியாகக் கொணர்ந்த பிள்ளை தன் அப்பத்தில் ஒரு துண்டை அதிலிடும். கொண்டுவர இயலாத பிள்ளைக்கு அது பகிரப்படும். நம் இல்லங்களில் உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை அறத்துக்கென எடுத்துவைக்கும் வழக்கத்தோடு இஃது ஒத்திருத்தல் காண்க. ஈகையை வாயாற் போதியாது கையாற் பழக்கிய பள்ளி அது. இம்முறைகளெல்லாம் அவர் எழுதிய பள்ளி நடைமுறை நூலில் உள்ளன. அவர் இறந்த மறுவருடமாகிய 1720-ல் அந்நூல் அச்சேறியது.

1688-ல் அவர் பாரிஸ் மாநகரில் பள்ளி நடத்தத் தொடங்கினார். இன்னல்கள் அங்கே மலிந்தன. சகோதரருட் சிலர் இறந்தனர், சிலர் விலகினர். எல்லாம் அழியும்போலிருந்த 1691-ம் ஆண்டு நவம்பர் 21-ம் நாள், அடிகளாரும் சகோதரர் இருவரும் மறைவாக ஒரு வார்த்தைப்பாடு செய்தனர். பிச்சை எடுத்து, அப்பம் மட்டுமே உண்டு வாழ நேரினும் இச்சபையைக் கைவிடோம் என்பதே அது. வெளியேயோ கட்டணம் பெற்றுக் கற்பிக்கும் எழுத்தாசிரியர் சங்கத்தார் வழக்குத் தொடுத்தனர். இலவசப் பள்ளியிற் பொருளுள்ளோர் பிள்ளைகளும் ஏழைகளோடு கலந்து படிக்கின்றனர், அதனால் தங்கள் வருவாய் கெடுகின்றது என்பது அவர் குற்றச்சாட்டு. 1704-ல் பள்ளிப் பொருள்கள் பறிமுதல் செய்யப்பட்டன. ஏழை யார், செல்வன் யார் என்று வாயிலில் நின்று பிரித்துப் பார்க்க அடிகளார் இசையவில்லை.

எல்லாவற்றினும் பெருந்துயர் 1712-ல் நேர்ந்தது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றன் தொடர்பான வழக்கில், வயது நிரம்பாத இளைஞர் ஒருவரை ஏமாற்றிப் பொருள் பெற்றார் என்னும் பழி அவர்மேற் சுமத்தப்பட்டது; தீர்ப்பும் அவர்க்கு மாறாயிற்று. நம்பியவர் சிலரும் கைவிட்டனர். தாம் இருப்பதே சபைக்குத் தீங்கு போலும் என்று மனமுடைந்த அவர், தென்பகுதிக்குச் சென்று இரண்டாண்டு அலைந்தார். கிரெனோபிள் நகரத்திலிருந்தபோது, பணிமேற் சென்ற ஆசிரியர் ஒருவர்க்கு மாறாகத் தாமே சிறுவர் வகுப்பில் நின்று எழுத்துக் கற்பித்தார். சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர், அறுபதைக் கடந்த முதியவர், அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தார்.

1714-ம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பாரிஸ் சகோதரர்கள் கூடி அவர்க்கு ஒரு கடிதம் விடுத்தனர். அது வேண்டுகோளன்று, கட்டளை. சபைக்குக் கீழ்ப்படிவதாக அவர் செய்த வார்த்தைப்பாட்டை நினைப்பூட்டி, உடனே திரும்பிவந்து தலைமையேற்குமாறு அதிற் பணித்திருந்தனர். தம் வேலையாளினும் தாழ்வாக ஒருகால் தாம் நினைத்த வகுப்பினரின் கட்டளைக்கு, அக்கானன் தலைவணங்கினார். ஆகஸ்டுத் திங்களிற் பாரிஸுக்கு வந்து, அவர்கள் விரும்பியது யாதென வினவி நின்றார். இப்பெருமானுடைய சரித்திரத்தில் இதுவே சிகரமென்று நாம் எண்ணுகின்றோம்.

1717-ல் தலைமையைச் சகோதரர் பார்த்தலமி என்பவரிடம் ஒப்புவித்து, ரூவான் நகரத்துச் சேன் இயோன் இல்லத்தில் எல்லார்க்கும் இளையவர்போல் அடங்கி வாழ்ந்தார். 1719-ம் ஆண்டு ஏப்ரல் 7-ம் நாள், பெரிய வெள்ளிக்கிழமையன்று, இறைவனடி சேர்ந்தார். 1725-ல் பாப்பானவர் அச்சபையை அங்கீகரித்தார். 1900-ல் அடிகளார்க்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் சூட்டப்பெற்றது. 1950-ல் ஆசிரியர் அனைவர்க்கும் பாதுகாவலர் என அறிவிக்கப்பெற்றார். அவர் வழிவந்த சகோதரர்கள் இலங்கையிலும், நம் தூத்துக்குடியிலும் பள்ளிகள் நடத்தி, நம்மவர் பிள்ளைகளுக்கும் அறிவூட்டியுள்ளார்கள்.

அன்பர்களே! குலத்தின் பெயரால் கூடியிருக்கும் நாம் இச்சரித்திரத்திற் கொள்ளத்தக்கது யாது? குலத்தாரைக் கைவிடுக என்பதன்று. குலப்பெருமை ஏழையின் தோளில் அழுத்தும் சுமையாதல் கூடாது என்பதே. நம் வீட்டுக்கு வரும் பள்ளியாசிரியரை எவ்விடத்தில் அமர்த்துகின்றோம்? நம் பொருளாற் கல்வி பெறும் பிள்ளையைப் பந்தியில் எங்கே இருத்துகின்றோம்? நாம் எழுப்பும் பள்ளியின் கதவு நம்மவரல்லாத ஏழைக்கும் திறக்கின்றதா? இவ்வினாக்களுக்கு விடை ஏட்டில் எழுதத் தக்கதன்று. வீட்டிலும் சங்கத்திலும் நடந்து காட்டத் தக்கது. நாளைக் காலை நம் பிள்ளை பள்ளிக்குக் கொண்டுபோகும் சோற்றில் ஒரு பிடியை மிகுத்து வைத்தனுப்புவோமாக. அருகிருக்கும் பிள்ளையின் பாத்திரம் வெறுமையாயிருப்பின், அது எக்குலத்துப் பிள்ளை என்று வினவாது பகிர்ந்துண்ணும்படி சொல்லியனுப்புவோமாக. அடிகளார் தொடங்கியதும் அவ்வாறு ஒரு பந்தியிலேதான்.