பட்டு வணிகரின் மகன் ஆம்பியர்



தெள்ளார், ஆரணிப் பகுதியில் தறி ஓடும் வீடுகளில் மின் மீட்டரைப் பார்த்துக் கவலைப்படாதவர் குறைவு. வோல்ட், ஆம்பியர், வாட் என்னும் சொற்கள் நமக்குப் பழக்கமானவையே. இவற்றுள் ஆம்பியர் என்பது ஒரு கத்தோலிக்க அறிஞரின் பெயர். அவரும் பட்டுக்குப் பேர்போன ஊரில் பிறந்தவர்.

ஆந்த்ரே மரி ஆம்பியர் 1775-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லியோன் நகரில் பிறந்தார். பட்டு வணிகரான தந்தை, மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டு நூலகத்திலேயே விருப்பம்போல் படிக்க விட்டார். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793 நவம்பரில், அந்தத் தந்தைக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பதினெட்டு வயது மகன் ஏறக்குறைய ஓராண்டு எதிலும் மனம் செல்லாமல் இருந்தார். செடிகொடிகளும் கவிதையுமே அவரை மெல்ல மீட்டன. 1799-இல் ஜூலியை மணந்தார். 1803-இல் அவரும் நோயுற்று இறந்தார். கையில் மூன்று வயது நிரம்பாத மகன். சில ஆண்டுகள் விசுவாசத்திலும் தடுமாறிய ஆம்பியர், பின்னர் உறுதியோடு திரும்பி வந்தார்.

மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புகிறது என்று டென்மார்க்கின் எர்ஸ்டெட் 1820-இல் கண்டறிந்தார். செப்டம்பரில் அதை அறிந்த ஆம்பியர், மின்னோட்டம் ஒரே திசையில் செல்லும் இரு கம்பிகள் ஒன்றையொன்று ஈர்க்கும், எதிர்த்திசையில் சென்றால் விலக்கும் என்று சில வாரங்களிலேயே காட்டினார். 1836-இல் மார்செய் நகரில் இறந்தார். 1881-இல் பாரீசில் கூடிய மாநாடு மின்னோட்டத்தின் அலகுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் உயரம் தரும் அழுத்தம் வோல்ட். குழாயில் ஓடும் நீரின் அளவு ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் வாட். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும் இஸ்திரிப் பெட்டியின் திறன் 1150 வாட். 1000 வாட் ஒரு மணி நேரம் செலவானால் ஒரு யூனிட். 50 வாட் மின்விசிறி 20 மணி நேரம் சுழன்றாலும் அதே ஒரு யூனிட்தான்.

பாரீசுக்குப் படிக்க வந்த பிரெடெரிக் ஒசானாம் என்ற இளைஞருக்குத் தம் வீட்டிலேயே தங்க இடம் கொடுத்தவரும் ஆம்பியரே. அந்த இளைஞர்தான் 1833-இல் தோழர்களுடன் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கினார். 1997-இல் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

நம் பங்கிலும் துயரத்தால் பேச்சிழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை அவசரப்படுத்த வேண்டாம். ஓராண்டு ஆகட்டும், கூட இருப்போம். மின்சாரத்தை அளக்க அலகு உண்டு. ஒருவரின் துயரத்தை அளக்க நம்மிடம் எதுவும் இல்லை.