ஹாரி குரோ பக்

ஹாரி குரோ பக் (நவம்பர் 25, 1884 - ஜூலை 24, 1943) அமெரிக்காவில் பிறந்து சென்னையில் பணியாற்றிய உடற்கல்வியாளர் ஆவார். சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவியவர் இவரே.

வாழ்க்கை

பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்த பக், மாசச்சூசெட்சிலுள்ள இசுப்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் பயின்றார். (1891 இல் கூடைப்பந்து தோன்றியதும் அக்கல்லூரியில்தான்.) 1919 இல் இந்தியா வந்தார்.

கல்லூரி

அக்காலத்தில் இந்தியப் பள்ளிகளில் உடற்பயிற்சி பெரும்பாலும் படைத்துறை அணிப்பயிற்சி போலவே நடந்தது. கற்பித்தோர் பலர் முன்னாள் படைவீரர்கள். விளையாட்டும் கல்வியின் பகுதியே, அதற்கென முறையாகப் பயின்ற ஆசிரியர் தேவை எனக் கருதிய பக், 1920 இல் சென்னையில் சிறிய அளவில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே பின்னர் நந்தனத்தில் பரந்த திடல்களுடன் கல்லூரியாக வளர்ந்தது. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என இது குறிப்பிடப்படுகிறது. இங்குப் பயின்றோர் பல கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர்களாயினர். கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளை ஒழுங்காக நடத்த இத்தகைய பயிற்சி பெற்றோர் இன்றியமையாதவர்கள்.

ஒலிம்பிக்

1924 பாரிசு ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணிக்குப் பக் மேலாளராக இருந்தார். 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடிய சி. கே. லட்சுமணன் அவ்வணியைச் சேர்ந்தவர். பதக்கம் எதுவும் கிடைக்காத அப்பயணத்தைவிட அதன் பின் நடந்ததே முக்கியமானது. ஏ. ஜி. நோரனுடன் இணைந்து மாகாணந்தோறும் ஒலிம்பிக் சங்கங்கள் அமையப் பக் உழைத்தார். 1927 இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் தோராப்ஜி டாட்டாவைத் தலைவராகக் கொண்டு உருவானது.

பக் 1943 இல், தமது 58 ஆம் அகவையில் காலமானார்.