துணிந்து வாங்கிய படக்கருவி
பத்தாங் காலி வட்டாரத் தோட்டங்களில், திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய கதையைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். தமிழகத்தில் அப்படி ஊர் ஊராகப் படம் காட்டிய முன்னோடி, கோயம்புத்தூரில் 1883இல் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட்.

திருச்சி ரயில்வேயில் வரைவாளர் வேலை. மாதச் சம்பளம் 25 ரூபாய். 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் நோயுற்றுத் தம் படக்கருவியை விற்க முன்வந்தார். விலை 2,250 ரூபாய். ஏழரை ஆண்டுச் சம்பளம்! சாமிக்கண்ணு அதை வாங்கினார், வேலையை விட்டார்.

விளக்கொளி படச்சுருளை ஊடுருவ, முன்னிருக்கும் கண்ணாடி வில்லை அச்சிறு படத்தைப் பெரிதாக்கித் திரையில் விழச் செய்யும். மின்சாரம் எட்டாத ஊர்களிலும் கூடாரம் அடித்து அந்த அதிசயத்தைக் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டினார். 1942இல் மறைந்தார்.

விலையைக் கண்டு தயங்கியிருந்தால், வரைவாளராகவே ஓய்வு பெற்றிருப்பார்.