பிரித்யோப் நான்ஸன்

பிரித்யோப் நான்ஸனைப் பனிநாட்டு யாத்திரிகராகவே நம்மிற் பலர் அறிவர். அவருடைய பிற்கால உழைப்பைக் குறித்தே ஈண்டுச் சில கூறக் கருதினோம். ஆயினும் முன்னதைச் சிறிதேனும் சொல்லாவிடிற் பின்னது விளங்காது.

இன்று ஆஸ்லோ எனப்படும் கிறிஸ்தியானியா நகருக்கு அருகில், 1861-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் அவர் பிறந்தார். பிராணி நூல் பயின்று புலமை பெற்றார். 1888-இல் ஐந்து துணைவருடன் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் குறுக்கே கடந்தார். குடிகள் வாழும் மேற்குக் கரையினின்று புறப்பட்டிருந்தால், இடர் நேர்ந்தபொழுது திரும்பிவிடலாம். அவரோ பெரும்பாலும் ஆளற்ற கிழக்குக் கரையில் இறங்கி, திரும்பும் வழியைத் தாமே அடைத்துக்கொண்டார். பின்னர் 'பிராம்' என்னும் கப்பலைப் பனிக்கட்டியில் உறையவிட்டு மிதந்து சென்று, 1895 ஏப்ரலில் வடக்கே 86 பாகை 14 கலை வரை எட்டினார். அதுகாறும் அவ்வளவு தொலை சென்றார் எவருமிலர். 1906 முதல் 1908 வரை இலண்டனில் நார்வேயின் தூதராகவும் இருந்தார்.

முதல் உலகப்போர் முடிந்தும், சிறைப்பட்ட போர்வீரர் பல லட்சம் பேர் ருஷியாவிலும் பிற நாடுகளிலும் பசியாலும் நோயாலும் வாடினர். 1920-இல் சர்வதேச சங்கம் அவர்களை வீடு சேர்க்கும் பொறுப்பை நான்ஸனிடம் ஒப்புவித்தது. மாஸ்கோ அரசாங்கமோ அச்சங்கத்தையே ஏற்கவில்லை. நான்ஸன் என்னும் தனி மனிதரோடு மட்டும் பேச இசைந்தது. அவர் அதனை இழிவாகக் கொள்ளாமல், கப்பல்களைத் தேடினார், கடன் திரட்டினார். 1922-க்குள் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர் தத்தம் ஊர் திரும்பினர்.

1921-இல் ருஷியாவின் வால்கா நதிப் பிரதேசத்தைக் கொடிய பஞ்சம் வாட்டியது. சங்கத்தின் பேரவை முன் நின்று, அரசாங்கங்கள் கடனுதவி தரவேண்டுமென்று நான்ஸன் மன்றாடினார். போல்ஷிவிக்குகளுக்கு வலிமை சேருமென்று அஞ்சிப் பேரவை மறுத்தது. பட்டினியால் மடியும் குழந்தைக்குக் கட்சி ஏது என்று கேட்கத் தோன்றுகிறது நமக்கு. தனியாரிடமும் தரும சபைகளிடமும் இரந்தே அவர் தம்மாலியன்றதைச் செய்தார். அமெரிக்க நிவாரணச் சபையே பெரும் பகுதியினருக்கு உணவளித்தது.

அதே 1921-இன் இறுதியில், நாட்டைவிட்டு நீங்கிய ருஷியர் பலருடைய குடியுரிமையை அவ்வரசாங்கம் பறித்தது. எந்நாட்டுக்கும் உரியரல்லாத அவர்களுக்கு எல்லை கடக்கவோ தொழில் தேடவோ வழியில்லை. 1922 ஜூலையில் நான்ஸன் ஜெனீவாவில் அரசாங்கங்களைக் கூட்டி, ஓர் அடையாளச் சீட்டை ஏற்கச் செய்தார். 'நான்ஸன் சீட்டு' என்று உலகம் அதனை வழங்கிற்று. அது குடியுரிமை தரவில்லை. இன்னார் இவர் என்று மட்டும் சான்று கூறிற்று. நாளடைவில் ஐம்பதுக்கு மேற்பட்ட அரசாங்கங்கள் அதனை ஏற்றன. 1924 முதல் ஆர்மீனியரும் அதனைப் பெற்றனர். இசைப்புலவர் ஸ்திராவின்ஸ்கியும் அதனைக் கொண்டே நாடு கடந்தவர். வெறுந்தாள்தானே எனலாம், அத்தாளின்றி நின்றவனுக்கன்றோ அதன் அருமை தெரியும்!

1922-இல் அவருக்கு நோபெல் சமாதானப் பரிசு கிடைத்தது; பொருளை நிவாரணப் பணிக்கே செலவிட்டார்.

அவர் செய்தவற்றுள் நம் மனம் எளிதில் ஒப்பாததும் ஒன்றுண்டு. 1923-இல் கிரீஸும் துருக்கியும் லோசானில் செய்துகொண்ட குடிமாற்ற உடன்படிக்கைக்கு அவர் துணைநின்றார். மொழியன்று, மதமே அளவுகோலாக, பதினைந்து லட்சம் பேரளவில் அதற்கு உட்பட்டனர். அவருட் பெரும்பாலோர் முன்னரே ஓடிவந்தவர் என்பது மெய்யே. எஞ்சியோர் பிறந்த மண்ணைக் கட்டாயத்தால் துறந்தனர். மீண்டும் ஒரு படுகொலையினும் இது மேல் என்று அவர் எண்ணினார்போலும்.

1930 மே 13-ஆம் நாள் தம் இல்லத்தில் நான்ஸன் உயிர்நீத்தார். அவர் பெயரால் சங்கம் நிறுவிய அகதிகள் அலுவலகத்துக்கு 1938-இல் அதே சமாதானப் பரிசு கிடைத்தது. ஜெர்மனியினின்றும் ஆஸ்திரியாவினின்றும் யூதர் புகலிடம் தேடி அலைந்த ஆண்டு அது. அவ்வாண்டின் முடிவோடு அவ்வலுவலகம் மூடப்பட்டது.