எலிகளின் பந்தியில் மெட்ராஸ் சாப்பாட்டுக்கு ஏன் கடைசி இடம்? குன்னூர் டாக்டர் மெக்காரிசனின் கதை

மூளைக்கு வால்நட், கண்ணுக்கு கேரட், கிட்னிக்கு ராஜ்மா. எந்தக் காய் எந்த உறுப்பு மாதிரி இருக்கிறதோ, அது அந்த உறுப்புக்கு நல்லது என்று சொல்லும் வீடியோக்கள் புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் வரைக்கும் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்துவிட்டன. உருவத்துக்கும் சத்துக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால், சாப்பாடு எந்த உறுப்பை என்ன செய்கிறது என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்து பார்த்த ஒரு டாக்டர் நம்ம குன்னூரில் இருந்தார். பெயர் ராபர்ட் மெக்காரிசன்.

யார் இவர்?

1878-ல் அயர்லாந்தில் பிறந்தவர். பெல்ஃபாஸ்ட்டில் மருத்துவம் படித்துவிட்டு, 1901-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து கப்பல் ஏறினார். போஸ்டிங் கிடைத்தது நாட்டின் வடக்கு எல்லையில், இமயமலைப் பக்கம். அங்கே கில்கிட்டில் பலருக்குக் கழுத்தில் கழலை. ஒரே ஓடையின் தண்ணீரைக் குடிக்கும் கிராமங்களில், மேலிருந்து கீழே வர வர நோய் கூடுவதைக் கவனித்தார். அழுக்குத் தண்ணீரில் உள்ள கிருமிதான் காரணம் என்று நினைத்து, அந்த வண்டலைத் தானும் குடித்தார், சிலரையும் குடிக்க வைத்துப் பார்த்தார். இன்றைக்கு அயோடின் குறைவுதான் முக்கியக் காரணம் என்று தெரியும். ஆக, ஆரம்பத்தில் அவரும் ஓர் உறுப்பு, ஒரு காரணம் என்றுதான் தேடினார்.

குன்னூருக்கு வந்தது எப்படி?

1918-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் அவருக்கு ஒரே ஓர் அறை கிடைத்தது. வேலை, பெரிபெரி நோயை ஆராய்வது. கால் மரத்துப்போகும், வீங்கும், இதயம் பலவீனமாகும் நோய் இது. இன்றைய ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் அப்போது அதிகம். அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசிதான் சாப்பாடு. தவிட்டோடு பி1 சத்தும் போய்விடும்.

தமிழ் மாவட்டங்களில் இந்த நோய் ஏன் அவ்வளவு இல்லை? புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பக்கம் இருக்கும் பி1 அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் ஓரளவு மிஞ்சும். நெல் அவித்த நம் பாட்டிகளுக்கு வைட்டமின் என்ற வார்த்தை தெரியாது, வேலை மட்டும் சரியாக நடந்திருக்கிறது!

மெக்காரிசன் அத்தோடு நிறுத்தவில்லை. தீட்டிய அரிசி மட்டும் தின்ற புறாக்களை அறுத்துப் பார்த்தார். நரம்பில் மட்டும்தான் கோளாறு இருக்கும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. ஆனால் சிறுநீரகத்தின் மேலே தொப்பி மாதிரி இருக்கும் அட்ரினல் சுரப்பி வீங்கியிருந்தது, தைமஸ் சுரப்பி சுருங்கியிருந்தது. சத்துக் குறைந்த உணவு கொடுத்த குரங்குகளுக்குக் குடல் புண்ணாகி, சீதபேதி மாதிரி வந்தது. வைட்டமின் ஏ குறைந்து, தானியமே பிரதானமாக இருந்த உணவில் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கல் உண்டானது. பால் சேர்த்தால் அது தடுக்கப்பட்டது. ஒரு சத்து குறைந்தால் ஓர் உறுப்பு மட்டும் கெடும் என்ற கணக்கு இங்கே உடைந்தது.

1923-ல் அரசு சிக்கனம் என்று ஆராய்ச்சிக்கான பணத்தை நிறுத்தியது. 1925-ல் மறுபடி ஆரம்பம்.

எலிகளுக்கு விருந்து

அவரைப் பிரபலமாக்கிய சோதனை இதுதான். இந்தியாவின் ஏழு வட்டாரச் சாப்பாடுகளை ஏழு எலிக் கூட்டங்களுக்குப் போட்டார். நன்றாக வளர்ந்தவை சீக்கியர் உணவு சாப்பிட்டவை. முழு கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, கீரை, காய்கறி, எப்போதாவது இறைச்சி. கடைசி இடம் மெட்ராஸ் உணவுக்கு. அதில் என்ன இருந்தது தெரியுமா? தீட்டிக் கழுவிய அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய், தேங்காய், கொஞ்சம் மோர், சர்க்கரை போட்ட காபி. பாக்கு உட்பட வைத்திருக்கிறார்!

இன்னொரு சோதனையில் ஏழை ஆங்கிலேயர் சாப்பாடும் இருந்தது. வெள்ளை பிரெட், மார்ஜரின், டப்பா இறைச்சி, இனிப்பு டீ. அதைச் சாப்பிட்ட எலிகள் வளராமல் போனதோடு, பலவீனமானவற்றைக் கொன்று தின்னவும் ஆரம்பித்தன. அதனால் இதை வெறும் 'நம்மை மட்டம் தட்டிய வெள்ளைக்காரர்' கதையாகப் பார்க்க முடியாது. அதே நேரம், சீக்கியர் பலசாலி, மெட்ராஸ்காரர் சோப்ளாங்கி என்ற அன்றைய பிரிட்டிஷ் ராணுவப் பார்வையின் வாடை அவர் எழுத்தில் அடிக்கத்தான் செய்கிறது.

எல்லா மெட்ராஸ்காரரும் இதையா சாப்பிட்டார்கள் என்பது நியாயமான கேள்வி. காபியும் வெள்ளைச் சோறும் டவுன் சாப்பாடு. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் தாலுகாவாக இருந்த குளத்தூர் மாதிரி மானாவாரி ஊர்களில் வரகு, கேழ்வரகு, கம்புதான் அன்றாடம். தவிடு நீங்காத கூழ், கூடவே கீரை, மோர். அரிசி களைந்த கழுநீர் மாட்டுக்குப் போகும் வீடுகளில், பி1-ல் ஒரு பங்கும் மாட்டுக்குத்தான் போனது என்பது வேறு விஷயம்.

கேழ்வரகையும் அவர் விடவில்லை. 1926-ல் கோவை அரசு வேளாண் வேதியியலாளர் பி.விஸ்வநாத்துடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், மாட்டு எரு போட்டு விளைந்த தானியத்தில் ரசாயன உரம் போட்டதைவிடச் சத்து கூடுதல் என்றார். இயற்கை விவசாயம் பேசுபவர்கள் இன்றும் இதை எடுத்துக்காட்டுவார்கள். பிந்தைய ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைச் சொல்லவில்லை.

பிறகு?

1933-ல் சர் பட்டம். 1935-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து போனார். 1960 மே மாதம் ஆக்ஸ்போர்டில் இறந்தார். அவருக்கு அடுத்து குன்னூரில் பொறுப்பேற்ற அய்க்ராய்ட், இந்திய உணவுகள் ஒவ்வொன்றிலும் என்ன சத்து எவ்வளவு என்று அட்டவணை போட்டார். ஒற்றை அறையில் ஆரம்பித்த ஆய்வகம் 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. இன்றைக்கு அதுதான் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். கேழ்வரகில் கால்சியம் எவ்வளவு என்று டயட்டீஷியன் சொல்லும் எண், பெரும்பாலும் அங்கே தயாரான அட்டவணையிலிருந்துதான் வருகிறது.